கிட்டாருக்கு ஒரு சிவப்பு டேக்

இந்தக் கடையில் டீக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பாக்கியராஜ் அண்ணா. பழகிவிட்டால் வேறு எந்த டீயும் தொண்டையில் இறங்காது. சிப்காட் கேட்டுக்கு எதிரே வரிசையாக இத்தனை கடை இருந்தும் ஷிஃப்ட் முடிந்து நான் இங்கேயே வந்து நிற்பதற்கு அதுதான் காரணம். ஆறுவதற்குள் குடியுங்கள்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெஸ்லினின் தங்கை லிபியா உங்கள் வீட்டுக்கு வந்து அழுதாளாமே. ஓசூரில் சர்ச் கேட்டுக்குள் ஒன்று நடந்தால் அது நமக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறது. பரவாயில்லை. நீங்கள் யூனியனில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருடைய என்கொயரியில் உட்கார்ந்தவர். மழுப்புகிறவனை வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்தபின் நீங்களே சொல்லுங்கள், இதில் என்மேல் கோபப்பட என்ன இருக்கிறது என்று.

எங்கள் பேண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹாலை எங்களுக்குத் திறந்துவிட்டதே நீங்கள்தான். ஆனாலும் என்கொயரி என்றால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை. பெயர் கூலண்ட். மெஷின் சூடாகாமல் இருக்க அதன்மேல் பால் மாதிரி வெள்ளையாக ஒன்று ஊற்றுகிறோமே, அதன் பெயர். டிரம்ஸ் எட்சன். பேஸ் கிட்டார் மோகனப்ரியா. கிட்டார் வெஸ்லின். கீபோர்டு ரத்தினவேல், அதாவது நான். நாலு பேரும் நாலு கம்பெனி. பாடுகிறவர் என்று யாரும் கிடையாது. காலைத் தட்டவைக்கிற ஃபங்க் தாளம், அதன்மேல் லேசாகக் கிறுகிறுக்கவைக்கிற சைக்கடெலிக் ராக், எல்லாம் வாத்தியம்தான். பர்கூர் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் மூச்சு வாங்க வாசித்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "மைக் டெஸ்டிங் நல்லா இருந்துச்சு தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே எட்சன் ஒரு வருஷம் சிரித்தான்.

அதே விழாவில்தான், நான் கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கியபோது, வெஸ்லினைச் சுற்றி நின்றிருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் போனை நீட்டினாள். "அண்ணா, நீங்க சவுண்டு செட் ஆள்தானே, ஒரு போட்டோ எடுங்களேன்." கீபோர்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன். நன்றாகவே வந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. ஞாபகம் வந்ததால் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வெஸ்லினின் வாசிப்பைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவன் கிட்டார் பேசாது, கிண்டல் பண்ணும். பக்கத்து வீட்டுக்காரன் மதில்மேல் சாய்ந்துகொண்டு நம்மை வம்புக்கு இழுப்பான் பாருங்கள், அந்த மாதிரி. நான் கீபோர்டில் ஒரு வரியை ஒழுங்காக, வீட்டில் பழகியபடி வாசிப்பேன். உடனே அவன் அதே வரியைக் கொஞ்சம் கோணலாக, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பித் தருவான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். மேடையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா என்ன. எத்தனையோ மேடை ஏறினோம், அத்தனையிலும் அவன் என்னைக் கிண்டல் செய்தான், அத்தனையிலும் நான் சிரித்தேன். அதனால்தான் எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பிறகு அவன் கைக்கு வந்தது. இடது உள்ளங்கையில் நரம்பை ஒட்டி ஒரு கட்டி. டூல் ரூமில் ஸ்பேனர் பிடிக்கும்போது வலிக்கிறது என்று ரொம்ப நாள் தைலம் தடவிக்கொண்டிருந்தான். பெங்களூரில் காட்டினார்கள். எடுத்தே ஆகவேண்டும், எடுத்தபின் மோதிர விரலும் சுண்டு விரலும் முன்போல மடங்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை, விடாமல் பயிற்சி செய்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிட்டார்காரனுக்கு இடது கை போனால் பிறகு என்ன மிச்சம். அன்றைக்கு ஹாலில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. எட்சன்தான் கடைசியில் பேசினான்.

"டேய், ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாத்தையும் வாசிச்சு ஆல்பமா போட்டு வெச்சுடலாம்டா. அப்புறம் என்னா ஆனாலும் ஆவட்டும். இவன் கை அதுல இருக்கும்ல?"

வெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்காகல்லாம் வேணாம்டா. ரத்தினத்தோட கீபோர்டுக்காகப் போடலாம்" என்றான். அப்போதும் கிண்டல்தான். எல்லாரும் சிரித்தோம்.

ஆக, இந்த ஆல்பம் எடுத்ததே அவன் கைக்காகத்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை நான் மறைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து சண்டே ஸ்கூல் பிள்ளைகள் கிளம்பியதும் ஹால் எங்களுக்கு. உங்களுக்கே தெரியும், நடுவில் தடுப்பு கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துத்தான் ரெக்கார்டு செய்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். என்னுடைய ஸ்பீக்கர் பெட்டியும் வெஸ்லினுடையதும் பக்கத்துப் பக்கத்தில். அந்த மூலையில்தான் பிளக் பாயிண்ட் வேலை செய்தது. அதனால் அவன் சத்தம் என் மைக்கிலும் கொஞ்சம் ஒழுகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, பிறகு வரும்.

ஆல்பத்துக்கு நுரை என்று பெயர் வைத்தவள் மோகனப்ரியா. மழை பெய்தால் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணை ஆறு கழிவு கலந்து வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் வருமே, அது. பார்க்க அழகாக இருக்கும், கிட்டப் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும், நம்ம மியூசிக்கும் அப்படித்தான் என்றாள். முள்ளங்கி லாரி, ஜூஜுவாடி சிக்னல், கம்பெனி பஸ் என்று ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு பெயர். நுரை என்பதே கடைசி வாசிப்பு. ரொம்ப மெதுவானது.

எல்லாம் முடிந்தது. வெஸ்லின் ஆபரேஷனுக்குப் போனான். ரெக்கார்டு செய்ததை எல்லாம் கலந்து, சத்தம் ஏற்றி இறக்கி, ஆல்பமாக்குகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. "நீதான்டா குவாலிட்டி, நீயே பாரு" என்று எட்சன்தான் லேப்டாப்பைக் கையில் திணித்தான்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. கம்பெனியில் எங்கள் லைனுக்கு ஃபைவ் எஸ், அதாவது இடத்தை ஒழுங்காக வைத்திருக்கிற ஜப்பான்காரன் முறை, அதன் பொறுப்பு என்னுடையது. வேலை செய்கிற இடத்தில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரிப்பதுதான் அதில் முதல் பாடம். தேவையில்லை என்று தோன்றுகிற பொருள் எதுவாக இருந்தாலும் அதன்மேல் ஒரு சிவப்பு டேக் கட்டி, மூலையில் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் கொண்டுபோய் வைப்போம். மாதம் முடிகிறவரை அங்கேயே இருக்கும். யாராவது வந்து, இது எனக்கு வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுவோம். யாரும் கேட்காவிட்டால் ஸ்கிராப். இதில் விருப்பு வெறுப்பே கிடையாது. ஒரு பொருள் தேவையா இல்லையா என்று நான் முடிவு செய்வதில்லை, அண்ணா. கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்கிறது.

எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துப்போய் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஸ்டோரில் இருந்து டேக் கட்டு ஒன்றை வாங்கி வந்து, ஓடாத மிக்ஸி, கால் உடைந்த நாற்காலி என்று ஒவ்வொன்றாகக் கட்டினேன். என் மனைவி அவற்றைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தாள். ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து பார்த்தால் என் கீபோர்டில் ஒரு சிவப்பு டேக் தொங்கியது.

"என்னா இது?" என்றேன்.

"உங்க ரூல்தான். மாசம் முடியட்டும், யாராச்சும் வந்து கேக்கறாங்களான்னு பாப்போம்" என்றாள், பூண்டு உரித்துக்கொண்டே.

அவளுக்கு விளையாட்டுப் புத்தி ஜாஸ்தி. நானும் சிரித்துவிட்டு, டேக்கை எடுக்காமல் அப்படியே விட்டேன். முறை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். மாதம் முடிந்தது. யாரும் வந்து கேட்கவில்லை. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் சர்ச் ஹாலிலேயே வைத்துவிட்டேன். நல்ல கீபோர்டு, சும்மா சொல்லக்கூடாது.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். ஒவ்வொருவர் வாசித்ததும் திரையில் தனித்தனிக் கோடாகத் தெரியும். வேண்டியதை ஏற்றலாம், வேண்டாததை இறக்கலாம். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். முதல் வாசிப்பிலேயே எனக்கு ஒன்று தட்டியது. இடம் போதவில்லை. எங்கே பார்த்தாலும் கிட்டார். என் கீபோர்டு ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் அது மூக்கை நுழைக்கிறது. டிரம்ஸ் ஓயும் இடத்தில் அதுதான், பேஸ் ஏறும் இடத்திலும் அதுதான். ஷாப் ஃப்ளோரில் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு டிராலி நின்றால் நான் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

முதலில் ஒரு துளிதான் இறக்கினேன். கேட்டால் கீபோர்டு கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் இன்னும் ஒரு துளி. மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். உப்பு குறைத்துச் சாப்பிடப் பழகுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் உப்பே தேவைப்படாது, பாருங்கள். ஒரு வாரத்தில் கிட்டாரே இல்லாமல் முழு ஆல்பத்தையும் கேட்டேன். எனக்கு ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை.

உடனே அழித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. கிட்டார் கோடுகளை எல்லாம் எடுத்து ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து வைத்தேன். கிட்டார் இல்லாத ஆல்பத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. "கேட்டுட்டு யாருக்கு என்ன வேணுமோ மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்று தெளிவாக எழுதியும் அனுப்பினேன்.

எட்சன் அன்றைக்கே கூப்பிட்டான். "மச்சி, அட்டகாசம்டா. ஆனா முள்ளங்கி லாரில என் சிம்பல் ஒண்ணு அமுங்கிப் போச்சு. அத மட்டும் ஏத்திடு." ஏற்றிக் கொடுத்தேன். மோகனப்ரியா, "பேஸ் இவ்ளோ அழகா கேக்குது, நான்தானா வாசிச்சேன்? இத அப்படியே விட்டுடுங்க, எதையும் தொட்டுடாதீங்கண்ணா, கையெடுத்துக் கும்புடறேன்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். ஒரு பேண்டில் ஒவ்வொருவரும் எதைக் கேட்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரவர் வாத்தியம் அவரவருக்கு. தன் குழந்தை பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றாலும் அம்மா அந்த மரத்தைத்தானே பார்க்கிறாள்.

வெஸ்லின் அப்போது கையில் கட்டோடு வீட்டில் இருந்தான். அவனுக்கும் அனுப்பினேன். நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். அனுப்பினேன், அண்ணா. ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டைவிரல் வந்தது. மேலே தூக்கின கட்டைவிரல். வார்த்தை ஒன்றும் இல்லை. கட்டு இடது கையில்தானே, வலது கையால் நாலு வார்த்தை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே எடுத்துக் கொடுத்திருப்பேன். நான் மாதக் கடைசி வரைக்கும் காத்திருந்தேன்.

மாதக் கடைசியில் ஸ்கிராப் செய்தேன். லேப்டாப்பில் இருந்ததை அழித்தேன். ரெக்கார்டு செய்த மெமரி கார்டு எட்சனின் நண்பனிடம் இரவல் வாங்கியது. பொருளை வாங்கினால் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை. அதையும் சுத்தம் செய்தேன்.

ஆல்பம் வெளிவருவதற்கு முந்தின ஞாயிறு ஹாலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினோம். கேசரி கொடுத்தீர்கள். வெஸ்லின் மட்டும் வரவில்லை. முழுக்கக் கேட்டு முடித்து எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது நீங்கள்தான், மியூசிக்கில் ஸ்வரம் எது சுருதி எது என்று தெரியாதவர், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் சரிப்பா, இதுல வெஸ்லின் எங்க?" என்று கேட்டீர்கள்.

எட்சன் மோகனப்ரியாவைப் பார்த்தான். அவள் எட்சனைப் பார்த்தாள். கிட்டாரைக் கடைசியில் சேர்ப்போம் என்று இவன் நினைத்திருக்கிறான். வெஸ்லினே வேண்டாம் என்று சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் போனை எடுத்து அந்தக் கட்டைவிரலைக் காட்டினேன். "அவன் ஓகே சொல்லிட்டான்" என்றேன். அது பொய் இல்லை. ஆபரேஷன் முடிந்து விரல் மடங்காமல் உட்கார்ந்திருப்பவனிடம் போய்க் கிட்டாரைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வரவில்லை. ஆல்பம் வெளிவந்தது.

போன வாரம் லிபியா இதே கடைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நல்ல பெண். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அண்ணா, ஒரு உதவி. அவன் பயிற்சிக்கே வரமாட்டேங்கிறான். ஃபிசியோக்காரர் வூட்டுக்கே வந்து கூப்புட்டுப் பாத்துட்டாரு. 'என் கை ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிடுச்சு லிபி, ரெக்கார்டிங்ல அவ்ளோ அசிங்கமா வாசிச்சிருக்கேன் போல. ரத்தினம் நல்லவன், என் மனசு நோகக்கூடாதுன்னு சத்தமில்லாம எடுத்துட்டான்'னு சொல்றான். எப்பவோ போன விரலுக்கு எதுக்குப் பயிற்சின்னு கேக்கறான். கிட்டாரை விக்கறதுக்கு ஆள் பாக்கறான்ணா. அவன் வாசிச்சத ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. கை நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவன் காதால கேட்டா போதும். மறுபடியும் எந்திரிச்சிருவான்."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அப்படித் தோன்றாமல் இருக்க நான் கல் இல்லை. ஆனால் இல்லாத பொருளை எங்கே போய் எடுப்பது. "அது ஸ்கிராப் ஆயிடுச்சும்மா" என்று உள்ளதைச் சொன்னேன். "ஸ்கிராப்னா?" என்றாள். பிறகு புரிந்துகொண்டு எழுந்து போனாள். நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள்.

வாசித்ததில் குறை ஏதாவது இருந்ததா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை வருஷம் பீஸ் பார்த்து ஓகே, ரிஜக்ட் என்று பிரித்துப் பிரித்து என் காதும் கண்ணும் ஏமாறுவதில்லை. அழிப்பதற்கு முன்னால் அந்த ஃபோல்டரை ஒருமுறை முழுக்கக் கேட்டேன். கிட்டார் மட்டும் தனியாக. குறை இல்லை, அண்ணா. ஒரு இடத்தில்கூட இல்லை. கை வலியோடு வாசித்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மாதிரி நான் கேட்டதில்லை, இனிமேல் கேட்கப்போவதும் இல்லை. கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பிறகு அழித்தேன். தேவையா இல்லையா என்பது வேறு, நன்றாக இருக்கிறதா என்பது வேறு. ஃபைவ் எஸ்ஸில் இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கேயாவது கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்கிறவிதமே தனி. யூனியன் உங்களை வெளியே விட்டிருக்கவே கூடாது.

ஒரு இடம் இருக்கிறது.

நுரை என்கிற அந்தக் கடைசி வாசிப்பில் நடுவில் எனக்குத் தனியாக ஒரு நீளமான பகுதி. எல்லாரும் அடங்கி, கீபோர்டு மட்டும் மேலே வரவேண்டிய இடம். ரெக்கார்டு செய்த அன்றைக்கு அந்த இடம் வந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு விரல்கூட ஓடவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நிறுத்துங்கள் என்று சொல்லலாம் என்றுதான் நிமிர்ந்தேன். பக்கத்தில் வெஸ்லின் என்னைப் பார்த்தான். கிண்டல் செய்யப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கண்ணால் ஒரு சைகை காட்டிவிட்டு, நான் வாசிக்கவேண்டியதை அவன் வாசித்தான். கோணல் இல்லை, இழுப்பு இல்லை. நான் வீட்டில் பழகியபடி, ஒழுங்காக, கீபோர்டு மாதிரியே, மெதுவாக. டிரம்ஸில் இருந்த எட்சனுக்குக்கூடத் தெரியாதபடி என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, நான் கையை மறுபடியும் எடுத்து வைத்ததும் பேசாமல் ஒதுங்கிக்கொண்டான். முடிந்தபின்னும் யாரிடமும் சொல்லவில்லை. வம்புக்கு இழுக்கவும் இல்லை.

கிட்டார் கோட்டை அழித்தாலும், என் மைக்கில் ஒழுகியிருந்த அந்தச் சத்தம் என் கோட்டிலேயே இருக்கிறது. மைக் திறந்திருந்தது, நான் வாசிக்கவில்லை, அவன்தான் இருக்கிறான். கொஞ்சம் எக்கோ சேர்த்து ஏற்றிவிட்டேன். கீபோர்டு கோட்டில் நான் டேக் கட்டவில்லையே, அது தேவையான பொருள் ஆயிற்றே. ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் எழுதுகிறார்கள். பெங்களூரில் இருந்து ஒருவர், நுரையில் வரும் கீபோர்டைக் கேட்டுக் கண் கலங்கியதாக எழுதியிருந்தார். எந்தக் கீபோர்டு, எந்த டோன் என்று தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள். ஒருவரையும் விடாமல் என் கீபோர்டின் மாடல் நம்பரை அனுப்பி வைக்கிறேன். வீட்டில் என் மனைவிக்கும் காட்டினேன். "பரவால்லயே, கேக்கறதுக்கும் ஆள் வந்துட்டாங்க" என்றாள்.

டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள், அண்ணா. வேறு சொல்லட்டுமா? வேண்டாமா? சரி. இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட்டால் முடிந்தது.

லிபியா வந்துபோன மறுநாள் வெஸ்லினே எனக்குப் போன் செய்தான். அவள் அவனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆல்பத்தை முழுக்கக் கேட்டதாகச் சொன்னான்.

"மச்சி, நுரைல அந்த எடம் இருக்குதே. அன்னிக்கு நீ நடுவுல விட்டுட்ட, நாந்தான் ஏதோ வாசிச்சுச் சமாளிச்சேன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்டா. எனக்குத்தான் தப்பா ஞாபகம் போல. நீ விடவே இல்ல. கேட்டேன்டா. எவ்ளோ அழகா வாசிச்சிருக்க. என் கைதான் போச்சு, உன் கையாவது இருக்குதே, அது போதும்டா எனக்கு."

இஞ்சி டீ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதோ இதே இடத்தில் நின்றுதான் பேசினேன். "தேங்க்ஸ் மச்சி" என்றேன். ஒருத்தன் மனசாரப் பாராட்டும்போது நன்றிகூடச் சொல்லாமல் இருந்தால் நான் என்ன மனுஷன், அண்ணா.